அக்கரைத் தண்ணீர்

"தம்பி, பிரான்சிலே குழாய்த் தண்ணியைக் குடிக்கலாமா?"

பெரியம்மா இதைக் கேட்டபோது நான் திண்ணையில் உட்கார்ந்து ஒன்பதாம் வகுப்பு விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். கேள்வி சிறியது. "தாராளமாகக் குடிக்கலாம்" என்று இரண்டே வார்த்தையில் பதில் சொல்லிவிட்டு அடுத்த விடைத்தாளை எடுத்தேன். பெரியம்மா எழுந்து போகவில்லை. அப்போதுதான், அவர் கேட்டது வேறு கேள்வி என்று எனக்குப் புரிந்தது. அந்த வேறு கேள்விக்கு விடை காண மூன்று வாரங்கள் பிடித்தன.

பெரியம்மா எனக்கு உறவு அல்லர். எங்கள் தெருவில் நான்கு வீடு தள்ளிக் குடியிருப்பவர். அவருடைய ஒரே மகளை 'சொல்தா' வீட்டில் கொடுத்திருக்கிறார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேவகம் செய்து, பிரெஞ்சுக் குடியுரிமையும் ஓய்வூதியமுமாக ஊர் திரும்பியவர்களை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்லுவோம். மகளும் மருமகனும் பாரிஸ் நகரத்தை அடுத்த ஒரு பேட்டையில் வசிக்கிறார்கள். மகளுக்கு இது இரண்டாவது பிரசவம். கூடமாட ஒத்தாசை செய்யப் பெரியம்மா கப்பலேறாத குறையாக விமானம் ஏற வேண்டும்.

வெளிநாடு என்பது எங்கள் மதகடிப்பட்டுக்குப் புதிய விஷயம் அன்று. புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் செல்லும் சாலையில் இருபது கிலோமீட்டர் வந்தால் எங்கள் ஊர். செவ்வாய்க்கிழமை தோறும் கூடும் மாட்டுச் சந்தையை அறியாதவர் இவ்வட்டாரத்தில் இல்லை. சந்தையைத் தாண்டிச் சிறிது தூரம் நடந்தால் பிரெஞ்சு ராஜ்யம் முடிந்து அயல் ராஜ்யம் தொடங்கிவிடும். 1954ஆம் ஆண்டு அக்டோபர் 18ஆம் தேதி கீழூரில் கூடிய 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைய வேண்டும் என்று வாக்களித்தார்கள். அந்த எல்லைக்கோடு மறையும் காலம் அன்றே வந்துவிட்டது. கோடு இருந்த காலத்திலும் மனிதருக்குத்தான் கெடுபிடி. நிலத்தடி நீரை எந்த சுங்கச் சிப்பாயும் நிறுத்தி விசாரித்ததில்லை. இப்பாலும் அப்பாலும் ஒரே ஊற்று.

பெரியம்மாவின் கேள்விக்குள் இருந்த கேள்வி இதுதான். சென்ற டிசம்பர் விடுமுறைக்கு மகளும் மருமகனும் நான்கு வயதுப் பேத்தியும் ஊருக்கு வந்திருந்தார்கள். வாசற்படி ஏறியவுடன் பெரியம்மா செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். வந்தவர்களுக்கு முதலில் தண்ணீர் கொடுப்பது நம் வீடுகளில் எழுதாத சட்டம். மருமகன் பணிவாகவே கையைக் கூப்பி, "வேண்டாம் அத்தை, பாட்டில் இருக்கிறது" என்றார். பெரியம்மா செம்பை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டார். ஒன்றும் பேசவில்லை. ஆனால் அன்று மாலை என்னிடம், "நான் பெத்து வளர்த்தவளுக்கு இந்தத் தண்ணிதானே தம்பி கொடுத்தேன்?" என்று கேட்டார்.

ஐந்தாம் நாள் செவ்வாய்க்கிழமை. பேத்தி சந்தையில் மாடு பார்க்கப் போனாள். பனிக்கட்டி போட்ட கரும்புச் சாறு குடித்தாள். அன்று இரவு பாட்டியின் பக்கத்தில் படுத்திருந்த குழந்தை தாகம் என்று கேட்கவே, பெரியம்மா மகளை எழுப்பாமல் தம் குடத்திலிருந்து இரண்டு வாய் தண்ணீர் கொடுத்தார். இரண்டு நாள் கழித்து வாந்தியும் பேதியும் கண்டன. மூன்று நாள் ஆஸ்பத்திரியில் குழந்தையின் சின்னஞ்சிறு கையில் ஊசி குத்தி நீர் ஏற்றினார்கள். குழந்தை பிழைத்து, சிரித்து, பிரான்சுக்கும் போய்விட்டது. மகள் தாயை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த ஒரு வார்த்தை சொல்லாமைதான் பெரியம்மாவை அரித்துக்கொண்டிருந்தது. இரவில் தண்ணீர் கொடுத்த சமாசாரத்தை அவர் அதுவரை யாரிடமும் சொல்லவில்லை. விடைத்தாள்களுக்கு நடுவே என்னிடம்தான் முதன்முதலாகச் சொன்னார்.

"அங்கே தண்ணி நல்லா இருக்கு, இங்கே கெட்டுப்போச்சுன்னா, அது எப்படித் தம்பி?"

நேயர்களில் பலரும் இப்படி நினைப்பது உண்டு. வெள்ளைக்காரர் தேசத்துத் தண்ணீர் பிறவியிலேயே சுத்தம், நம்முடையது பிறவியிலேயே அழுக்கு என்று எண்ணிக்கொள்கிறோம். சரித்திரம் இதற்கு இடம் கொடுக்கவில்லை. 1832இல் பாரிஸ் நகரில் காலரா பரவிச் சில மாதங்களுக்குள் 18,000 பேருக்கு மேல் மாண்டார்கள். நகரத்தின் சாக்கடை ஓடிக் கலந்த சேன் நதியிலிருந்தே நகரத்தார் குடிக்க மொண்டார்கள். தண்ணீரால்தான் இந்த நோய் பரவுகிறது என்பதே அப்போது தெரியாது. கெட்ட காற்று என்றார்கள். லண்டன் வைத்தியர் ஜான் ஸ்னோ 1854இல், ஒரே தெருக் குழாயில் தண்ணீர் எடுத்தவர்களின் வீடுகளில் மரணம் குவிந்திருப்பதைக் கணக்கெடுத்துக் காட்டினார்; அந்தக் குழாயின் கைப்பிடி கழற்றப்பட்டது. பிறகு மூன்றாம் நெப்போலியன் காலத்தில் பெல்கிராண்ட் என்ற எஞ்சினியர், சேன் நதியை நம்பாமல், தொலைவிலுள்ள ஊற்றுகளிலிருந்து பாரிசுக்குக் கால்வாய் அமைத்தார். 1865இல் துயி நதிப்பக்கத்து ஊற்றுநீரும், 1874இல் வான் நதிப்பக்கத்து ஊற்றுநீரும் வந்து சேர்ந்தன. ரிச்சர்டு வாலஸ் என்ற தனவந்தர் 1872 முதல் தம் செலவில் தெருக்களில் அழகிய குடிநீர் ஊற்றுகளை நிறுவினார். அவற்றில் இன்றும் தண்ணீர் வருகிறது; வழிப்போக்கர் இன்றும் குடிக்கிறார்கள்.

அதே மூன்றாம் நெப்போலியன் காலத்தில் புதுச்சேரியில் என்ன நடந்தது என்பது நம்மவர்க்குத் தெரிந்ததுதான். ஆனாலும் அடிக்கடி மறந்துவிடுகிறோம். முத்திரையர்பாளையத்திலிருந்து நகரத்துக்கு நல்ல தண்ணீர் கொண்டுவரப்பட்டது. அதன் நினைவாக ஆயி மண்டபம் எழுந்தது. கிருஷ்ணதேவராயர் காலத்தில் ஆயி என்ற தாசி தன் மாளிகையை இடித்து ஊருக்குக் குளம் வெட்டினாள் என்பது அந்தத் தண்ணீரோடு சேர்ந்து வந்த கதை. இன்று புதுச்சேரி சர்க்காரின் முத்திரையில் இருப்பது அரண்மனையும் அன்று, கோட்டையும் அன்று. அந்தக் குடிநீர் மண்டபந்தான். ஒரே சக்கரவர்த்தியின் காலத்தில் பாரிசும் புதுச்சேரியும் தொலைவிலிருந்து நல்ல தண்ணீர் பெற்றன. அங்கே அதைக் குழாயிலிருந்து அப்படியே குடிக்கிறார்கள். இங்கே நாம் இருபது லிட்டர் கேன் வாங்குகிறோம். இடையில் என்ன ஆயிற்று?

ஊற்று கெடவில்லை என்று சொல்லமாட்டேன். கரையோரம் உப்பேறி வருகிறது; ஆழ்குழாய்கள் நாளுக்கு நாள் கீழே போகின்றன. ஆனால் பேதிக்குக் காரணம் உப்பு அன்று. காரணம் பெரும்பாலும் குழாய்க்குள் இருக்கிறது. சரியாகச் சொன்னால், குழாய்க்குள் தண்ணீர் இல்லாத நேரத்தில் இருக்கிறது. இதை என் மாணவர்களுக்கு ஒரு ரப்பர்க் குழாயை வைத்து விளக்குவது வழக்கம். குழாயில் ஊசியால் நாலைந்து துளை போடுங்கள். தண்ணீர் அழுத்தமாக ஓடும்போது துளை வழியே வெளியே பீச்சும். உள்ளே எதுவும் புகாது. ஓட்டத்தை நிறுத்தி, குழாயைச் சேற்று நீரில் கிடத்துங்கள். அதே துளைகள் சேற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். பூமிக்குள் கிடக்கும் எந்த ஊர்க் குழாயிலும் துளையும் விரிசலும் உண்டு, பாரிசிலும் உண்டு. அங்கே இருபத்துநான்கு மணி நேரமும் குழாய் நிறைந்து அழுத்தமாக இருப்பதால் கசிவு வெளியே போகிறது. நம் ஊர்களில் காலையில் சிறிது நேரம், மாலையில் சிறிது நேரம்; மற்றப் பொழுதெல்லாம் குழாய் வெறுமையாகக் கிடக்கிறது. பக்கத்திலே சாக்கடை ஓடுகிறது. மிச்சத்தை நான் சொல்ல வேண்டியதில்லை.

இது நம் தேசத்தின் தலையெழுத்தும் அன்று. ஒரிசாவின் பூரி நகரத்தில் 2021 ஜூலை முதல், வீட்டுக் குழாயிலிருந்து அப்படியே குடிக்கத் தக்க நீர் நாள் முழுவதும் வர ஏற்பாடு செய்திருக்கிறார்கள். ஜகந்நாதரைத் தரிசிக்க வருகிற யாத்திரிகர் கூட்டத்துக்கு நடுவே இதைச் செய்ய முடிந்திருக்கிறது என்பதை நம் நகரசபைகள் கவனிக்க வேண்டும். அடுத்த வருஷமே, 2022 ஜூலையில், நம் காரைக்காலில் காலரா கண்டு, சர்க்கார் சுகாதார அவசர நிலையைப் பிரகடனம் செய்யும்படி ஆயிற்று, பள்ளிக்கூடங்களை மூடினார்கள். இரண்டும் கடற்கரை ஊர்கள், இரண்டும் கோயில் ஊர்கள்.

இப்போது பயணம் போகிறவர்களுக்கு என் யோசனையைச் சொல்லிவிடுகிறேன். புதிய ஊரில் இறங்கியதும், தண்ணீர் தெளிவாக இருக்கிறதா என்று தம்ளரைத் தூக்கிப் பார்ப்பதில் பயன் இல்லை. கிருமி கண்ணுக்குத் தெரியாது. குழாயில் நாள் முழுவதும் தண்ணீர் வருகிறதா, அந்த ஊர்க்காரர் அதை அப்படியே தம் கைக்குழந்தைக்குக் கொடுக்கிறார்களா என்று இரண்டு கேள்வி கேளுங்கள். இரண்டுக்கும் 'ஆம்' என்றால் குடிக்கலாம். சிங்கப்பூரில் குடிக்கலாம், அந்தத் தண்ணீரில் ஒரு பங்கு 1962ஆம் வருஷத்து ஒப்பந்தப்படி ஜொகூரிலிருந்து எல்லை தாண்டி வருவதுதான், அதைச் சுத்தம் செய்து அழுத்தம் குறையாமல் அனுப்புகிறார்கள். பிரான்சில் குடிக்கலாம், சாப்பாட்டுக் கடையில் கேட்டால் கூஜாவில் இலவசமாகவே வைப்பார்கள். ஆனால் சில பொது இடத்துக் குழாய்களின் மேல் 'ஓ நோன் பொத்தாப்ல்' என்று எழுதியிருக்கும். குடிக்கத் தகாத நீர் என்று அர்த்தம். ரயிலிலும் விமானத்திலும் கைகழுவும் தொட்டியில் வரும் நீர் எந்தத் தேசத்திலும் குடிப்பதற்கு அன்று.

விடை 'இல்லை' என்றால் கொதிக்க வைப்பதே உத்தமம். நன்றாகத் தளதளவென்று கொதித்தபின் ஒரு நிமிஷம் போதும். மலைப்பிரதேசங்களில் மூன்று நிமிஷம். பலர் தண்ணீரில் ஜாக்கிரதையாக இருந்துவிட்டு, அதே குழாய் நீரில் உறைந்த பனிக்கட்டியிலும், அதே நீரில் கழுவிய பச்சைக் காய்கறியிலும், பல் துலக்குவதிலும் ஏமாந்துபோகிறார்கள். புட்டி வாங்கினால் மூடி உங்கள் கையில்தான் உடைய வேண்டும். ஒரு கருவியைத் தண்ணீரில் விட்டு எண்ணைக் காட்டிப் பயமுறுத்தும் வியாபாரிகள் நம் வீட்டுக் கதவையும் தட்டுகிறார்கள். அது கரைந்த உப்பை அளக்கும் கருவி. கிருமியை அது காட்டாது.

எவ்வளவு எச்சரிக்கையாக இருந்தும் பேதி கண்டுவிட்டால், நீர் வற்றாமல் பார்த்துக்கொள்வதே முதல் சிகிச்சை. ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் கொஞ்சங்கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். இதை அற்பம் என்று எண்ணவேண்டாம். 1971இல் வங்காள அகதிகள் முகாமில், ஊசி வழியே ஏற்றும் திரவம் தீர்ந்துபோன நிலையில், டாக்டர் திலீப் மஹாலனாபிஸ் இத்தகைய சர்க்கரை உப்புக் கரைசலைப் பீப்பாய்களில் கலக்கிவைத்து ஆயிரக்கணக்கான உயிர்களைக் காத்தார். காலராக் கிருமி எந்த நஞ்சினால் குடலை வற்றச் செய்கிறது என்பதை 1959இல் கல்கத்தாவில் நிரூபித்தவர் சம்புநாத் டே. குழந்தைகளின் பாடப்புத்தகத்தில் இந்த இருவர் பெயரையும் நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

இவ்வளவையும் பெரியம்மாவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு, "அதெல்லாம் சரி தம்பி. என் குடத்துத் தண்ணி என்ன செஞ்சுது?" என்றார்.

அதற்கு என்னிடம் விடை இல்லை. ஆனால் விடை தேடும் வழி இருந்தது. கிராமங்களில் தண்ணீரைச் சோதிக்கச் சிறிய சீசாக்கள் கிடைக்கின்றன. உள்ளே மருந்து தடவிய தாள் ஒன்று இருக்கும். அடையாளக் கோடுவரை தண்ணீரை ஊற்றி, மூடி, வெதுவெதுப்பான இடத்தில் ஒன்றிரண்டு நாள் வைக்க வேண்டும். மலக்கழிவில் இருக்கும் கிருமிகள் அந்த நீரில் இருந்தால் சீசா கன்னங்கரேலென்று ஆகிவிடும். எங்கள் விஞ்ஞானக் கழகத்துப் பிள்ளைகள் நால்வர் உற்சாகமாகக் கிளம்பினார்கள். காலை ஆறு மணிக்குத் தெருக்குழாயில் நேராக வந்த நீர் ஒரு சீசா. பெரியம்மா வீட்டு நிலத்தடித் தொட்டி நீர் ஒன்று. மேல்தொட்டியிலிருந்து சமையலறைக்கு வரும் நீர் ஒன்று. குடத்து நீர் ஒன்று. பெயர்ச்சீட்டு ஒட்டி, பள்ளி ஆய்வுக்கூடத்து அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

மறுநாள் மாலை திறந்தபோது பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்தார்கள். தெருக்குழாய் நீர் நிறம் மாறாமல் இருந்தது. மற்ற மூன்றும் மை போல் கறுத்திருந்தன.

பூட்டுச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தேன். விமானத்துக்கு இன்னும் பத்து நாள். "எல்லாம் நன்றாக இருக்கிறது பெரியம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டால் என்ன? அவர் நிம்மதியாகப் போவார். வாத்தியார் வேலையில் இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்கு, சோதனையில் கண்டதை மாற்றி எழுதாதே என்று சொல்லி வருகிறேன். அந்த நால்வரும் வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். சீசாக்களையே எடுத்துக்கொண்டு போனேன்.

பெரியம்மா கறுப்புச் சீசாவைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் அவசரம் அவசரமாகச் சொன்னேன்: இது இன்றையத் தண்ணீர், டிசம்பர் மாதத்துத் தண்ணீர் எப்படி இருந்தது என்று இது சொல்லாது. சந்தையிலே போட்ட பனிக்கட்டி கரைந்து போயிற்று. அதைச் சோதிக்க வழியில்லை. புதிய ஊர்க் கிருமி புதிய வயிற்றைத்தான் முதலில் பிடிக்கும். அதிலும் குழந்தை வயிறு. ஆகவே, உங்கள் தண்ணீர்தான் என்று யாரும் நிச்சயமாகச் சொல்லமுடியாது. இல்லை என்றும் சொல்லமுடியாது.

"தெருக்குழாய் வெள்ளையா இருக்கே" என்றார்.

"ஆமாம். அன்று காலை வந்தது சுத்தமாகத்தான் வந்தது. குளோரின் போட்டு அனுப்புகிறார்கள். தொட்டியில் தங்கித்தான் கெட்டிருக்கிறது."

"அப்போ சர்க்காரு கொடுத்த நல்ல தண்ணியை என் வீட்டுக்குள்ளே நான்தான் கெடுத்திருக்கேன்."

எனக்குப் பேச நா எழவில்லை. அவர் அழுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ சீசாவைத் திண்ணையில் வைத்துவிட்டு, "தொட்டி கழுவ ஆள் எப்போ கிடைக்கும்?" என்று கேட்டார்.

கொத்தனார் வந்து தொட்டியை இறைத்தபோது விஷயம் வெளிப்பட்டது. குளியலறைத் தண்ணீர் போகும் மண்குழாய், தொட்டிச் சுவருக்கு ஒரு முழம் தள்ளிப் புதைந்திருந்தது. அதன் மூட்டு விலகி, தொட்டிச் சுவரின் மயிரிழை விரிசல் வழியாகக் கசிந்துகொண்டிருந்தது. எத்தனை வருஷமாகவோ! அடியில் நான்கு விரற்கடை சேறு. அந்தச் சேற்றிலே குளோரின் எந்த மூலைக்கு? குழாயை மாற்றி, சுவரைப் பூசி, வெளுப்புத்தூள் கரைசலால் தொட்டி இரண்டையும் கழுவி, நாலு நாள் கழித்துப் பிள்ளைகள் மறுபடியும் சீசா நிரப்பினார்கள். இரண்டு நாள் வைத்தும் கறுக்கவில்லை. பெரியம்மா அந்த நால்வருக்கும் பணியாரம் சுட்டுக் கொடுத்தார். நான் கேட்டுப் பார்த்தேன்; எனக்கு இரண்டுதான் மிச்சம் இருந்தது.

அந்த வாரமே எங்கள் தெருவில் ஏழு வீட்டுக்காரர்கள் தம் தொட்டியையும் பார்க்கச் சொல்லி வந்தார்கள். அதில் இன்னும் மூன்று கறுப்பு. எந்தெந்த வீடு என்று எழுதினால் என்னைத் தெருவில் நடக்கவிடமாட்டார்கள்.

விமானம் ஏறுமுன் பெரியம்மா மகளுக்குப் போன் செய்து, அன்றிரவு குழந்தைக்குத் தண்ணீர் கொடுத்ததைச் சொல்லிவிட்டார். மகள் என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

பாரிஸ் போய்ச் சேர்ந்து இருபது நாள் கழித்து ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. பிறந்தது ஆண் குழந்தை, சுகப்பிரசவம். முதல் வாரம் முழுவதும் அங்கேயும் தண்ணீரைக் காய்ச்சித்தான் குடித்தாராம். காய்ச்சிய பாத்திரத்தில் வெள்ளை வெள்ளையாகப் படியவே பயந்துபோய் மருமகனைக் கூப்பிட்டாராம். அது சுண்ணாம்பு, பாரிஸ் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து மிகுதி, கெடுதல் ஒன்றும் இல்லை என்று அவர் சிரித்தாராம். எட்டாம் நாள் பேத்தி முக்காலி போட்டு ஏறி, சமையலறைக் குழாயில் ஒரு தம்ளர் பிடித்து, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து, "ஆயா, குடி" என்று நீட்டினாளாம்.

"குடிச்சீங்களா பெரியம்மா?"

"குடிக்காம? குழந்தை கொடுக்குதே."

"எப்படி இருந்தது?"

"சப்புன்னு இருந்துது, போ. நம்ம ஊர்த் தண்ணி மாதிரி வருமா?" என்றவர், சற்று நிறுத்தி, "அடுத்த டிசம்பருக்கு இதுங்க எல்லாம் அங்கே வரப்போவுதுங்க தம்பி. கார்த்திகை மாசத்திலேயே அந்தப் பசங்களை விட்டு என் தொட்டியை இன்னொரு வாட்டி பார்த்து வைக்கச் சொல்லு. பணியாரத்துக்கு மாவு நான் வந்து அரைச்சுக்கறேன்" என்றார்.